ஒருவரால் முடியாத ரயில்

“நாற்பது வயதாகிறது, இன்னும் பொம்மை ரயிலா?”

மாதிரி ரயிலில் ஆர்வமுள்ளவர்கள் எந்த நாட்டில் இருந்தாலும் இந்தக் கேள்வியிலிருந்து தப்ப முடியாது. மனைவி கேட்கலாம், அம்மா கேட்கலாம். மாதக் கடைசியில் வங்கிக் கணக்கைப் பார்க்கும்போது தன் மனமே கேட்கலாம்.

கேள்வியில் நியாயமும் இருக்கிறது. சாப்பாட்டு மேசையில் வட்டமாகத் தண்டவாளம் போட்டு ஒரு ரயிலைச் சுற்றவிட்டால், பத்து நிமிடத்தில் பார்ப்பவருக்கும் சலிப்பு, ஓட்டுபவருக்கும் சலிப்பு. பெட்டியில் போட்டுப் பரணில் வைத்துவிடுவோம்.

ஆனால் அதே பொழுதுபோக்கை வைத்துக்கொண்டு, வாரந்தோறும் ஒன்றுகூடி, ஒரே வேலையைப் பல பத்தாண்டுகள் செய்துகொண்டிருக்கும் மனிதர்களும் உலகில் இருக்கிறார்கள். பொறியாளர், தச்சர், தபால்காரர், ஓய்வுபெற்றவர், பள்ளி மாணவர் என்று எல்லாரும் அங்கே உண்டு. இவர்களைக் கட்டிவைத்திருப்பது எது? ரயில் மீதுள்ள ஆசை மட்டும் போதாது. பலர் சேர்ந்து ஒரு பெரிய வேலையை எப்படிக் கெடாமல் கொண்டுபோவது என்பதற்கு அவர்கள் ஒரு வழி கண்டிருக்கிறார்கள். அலுவலகத்தில் குழுவாக வேலை செய்யும் நமக்கும் அது பயன்படும்.

*மலையைத் தேர்ந்தெடுத்தார்கள்*

அமெரிக்காவின் சான் டியேகோ நகரில் பல்போவா பூங்கா இருக்கிறது. அங்கே 1982ஆம் ஆண்டு முதல் மாதிரி ரயில்களுக்கென்றே ஓர் அருங்காட்சியகம் இயங்கி வருகிறது. உள்ளே இருக்கும் பெரிய ரயில் அமைப்புகளைக் கட்டியவர்கள் உள்ளூர் ரயில் மன்ற உறுப்பினர்கள். அவற்றுள் ஒன்று, கலிஃபோர்னியாவின் டெஹாச்சப்பி மலைப்பாதை. லா மேசா மாதிரி ரயில் மன்றத்தின் கைவண்ணம் அது.

டெஹாச்சப்பி உண்மையிலேயே இருக்கும் ஒரு பாதை. பேக்கர்ஸ்ஃபீல்டு என்ற சமவெளி நகரிலிருந்து மலையேறி, மறுபக்கம் மொஹாவி பாலைவனத்தில் இறங்குகிறது. தூரம் ஏறத்தாழ 110 கிலோமீட்டர். 1876இல் இந்தப் பாதையைப் போட்டபோது பொறியாளர்களுக்கு ஒரு சிக்கல். மலை செங்குத்தாக இருந்தது. ரயிலோ 100 மீட்டர் ஓடினால் 2 மீட்டருக்கு மேல் ஏறச் சிரமப்படும். அதனால் பாதையை ஒரு பெரிய வளையமாகச் சுற்றிவிட்டு, தன் மேலேயே தான் கடந்து போகும்படி அமைத்தார்கள். வளையத்தின் நீளம் 1,150 மீட்டர் இருக்கும். ஒரு சுற்றில் ரயில் 23 மீட்டர் உயர்ந்துவிடுகிறது. நீளமான சரக்கு ரயில் வந்தால், அதன் இன்ஜின் தன் சொந்த வால் பெட்டிகளுக்கு மேலே ஓடுவதை அங்கே நேரில் பார்க்கலாம்.

மன்றத்தினர் எடுத்துக்கொண்டது இந்த மலையைத்தான். காலம் 1950கள். அப்போது நீராவி இன்ஜின்கள் விடைபெற்றுக்கொண்டும் டீசல் இன்ஜின்கள் வந்துகொண்டும் இருந்தன. இரண்டையும் ஒரே பாதையில் ஓட்டலாம்.

இந்த முடிவில்தான் அவர்களுடைய வெற்றியின் பாதி இருக்கிறது.

ஒருவர் வீட்டில் தனியாக ரயில் பாதை கட்டினால், மலை எங்கே, ஆறு எங்கே என்பதை அவரே முடிவு செய்வார். மன்றத்தில் முப்பது பேர் இருந்தால் முப்பது ரசனைகள். ஒருவருக்குப் பனிமலை பிடிக்கும், இன்னொருவருக்குத் துறைமுகம். ஓட்டெடுப்பு வைத்தால் தோற்றவர் மூன்று மாதத்தில் வருவதை நிறுத்திவிடுவார். கோயில் நிர்வாகக் குழுவிலும் அடுக்குமாடிக் குடியிருப்புக் குழுவிலும் இருந்தவர்களுக்கு இதை விளக்கத் தேவையில்லை.

உண்மையான இடத்தைக் கட்டுவது என்று முடிவெடுத்துவிட்டால், வாக்குவாதம் வேறு மாதிரி நடக்கிறது. “எனக்கு இங்கே ஒரு பாலம் வேண்டும்” என்று யாரும் சொல்வதில்லை. “அங்கே பாலம் இருந்ததா?” என்பதே கேள்வி. பழைய படத்தை எடு, பாதை வரைபடத்தை எடு, தெரிந்தவரைக் கேள். பதில் கிடைத்ததும் சண்டை முடிந்தது. யாருடைய தன்மானமும் அடிபடவில்லை. மலையே நடுவராக நின்று தீர்ப்புச் சொல்லிவிடுகிறது.

ஓர் எடுத்துக்காட்டு பாருங்கள். 1952 ஜூலை 21ஆம் தேதி அந்த வட்டாரத்தைக் கடும் நிலநடுக்கம் உலுக்கியது. தண்டவாளங்கள் முறுக்கிக்கொண்டன, சுரங்கங்கள் பழுதடைந்தன. பாதையைச் சீக்கிரம் திறக்க வேண்டியிருந்ததால், சில சுரங்கங்களுக்கு மேலிருந்த மண்ணை அப்படியே வெட்டி எடுத்துவிட்டார்கள். ஆகவே 1950களின் டெஹாச்சப்பியைக் கட்டப் போகிறவர், நிலநடுக்கத்துக்கு முன்பா பின்பா என்று முதலில் தீர்மானிக்க வேண்டும். அதைத் தீர்மானித்தால்தான் எத்தனை சுரங்கம் என்பதே தெரியும்.

*சுருக்குவதும் ஒரு கலை*

இனிக் கொஞ்சம் கணக்கு. இந்த அமைப்பு எச்ஓ எனப்படும் அளவில் கட்டப்பட்டது. உண்மையான பொருள் 87 பங்கு என்றால் மாதிரி ஒரு பங்கு. 170 சென்டிமீட்டர் உயரமுள்ள மனிதர் இதில் 2 சென்டிமீட்டருக்கும் சற்றுக் குறைவாக இருப்பார். அந்தக் காலத்து 40 அடிச் சரக்குப் பெட்டி ஒன்று 14 சென்டிமீட்டர்.

மேலே சொன்ன வளையத்தை இந்த அளவில் அப்படியே செய்தால் சுற்றளவு 13 மீட்டருக்கு மேல், குறுக்களவு 4 மீட்டருக்கு மேல். ஒரு வளைவுக்கு மட்டும் நம் வீட்டுப் படுக்கையறை போதாது! இன்ஜின் தன் வாலுக்கு மேலே போக வேண்டுமென்றால் ஏறத்தாழ 90 பெட்டிகள் கோக்க வேண்டும்.

முழுப் பாதையையும் சுருக்கிப் பார்த்தால் நீளம் 1,260 மீட்டர் வரும். உயரம் இன்னும் மோசம். சமவெளியிலிருந்து மலை உச்சிவரை பாதை ஏறத்தாழ 1,100 மீட்டர் ஏறுகிறது. 87ஆல் வகுத்தால் 12 மீட்டருக்கு மேல். நாலு மாடிக் கட்டடம் வேண்டும்.

அதனால் எந்த மன்றமாக இருந்தாலும் எதையாவது விட்டுத்தான் ஆக வேண்டும். எதை விடுவது? எல்லாவற்றையும் சமமாகக் குறுக்கினால் வளைவுகள் நெருங்கி, ரயில் பொம்மையாகத் தெரியும். அனுபவமுள்ளவர்கள் அப்படிச் செய்வதில்லை. பார்த்தவுடன் “இது அந்த இடம்தான்” என்று சொல்லவைக்கும் காட்சிகளுக்கு முடிந்தவரை முழு இடம் கொடுப்பார்கள். ஒரே மாதிரி ஓடும் பத்து கிலோமீட்டர் வயல்வெளியை ஒரு மேட்டுக்குப் பின்னால் மறைத்துக் குறைத்துவிடுவார்கள். நல்ல சமையல்காரர் குழம்பைச் சுண்டவைப்பது போலத்தான். தண்ணீர் போக வேண்டும், ருசி நிற்க வேண்டும்.

*மேசைக்கு மேலேயும் கீழேயும்*

ஒரு மன்றத்தின் வேலை நாளில் போய்ப் பார்த்தால், ரயில் ஓடுவதைவிட மற்ற வேலைகளே அதிகம் நடக்கும். ஒரு பக்கம் மரச்சட்டம் அறுக்கிறார்கள். தண்டவாளம் போகும் பலகை சட்டத்தின் மீது நேராக உட்காராது; சிறு மரத்துண்டுகள் மேல் தூக்கி நிறுத்தப்படும். ஏற்றம் தவறாகிவிட்டால் அந்தத் துண்டை மட்டும் உயர்த்தித் தாழ்த்திச் சரிசெய்யலாம்.

ஒரு பாதைக்கு மேல் இன்னொரு பாதை கடக்க எச்ஓ அளவில் 8 சென்டிமீட்டர் இடைவெளி வேண்டும் என்று வைத்துக்கொள்ளுங்கள். 100 சென்டிமீட்டருக்கு 2 சென்டிமீட்டர் என்று ஏறினால், அந்த உயரத்தை அடைய 4 மீட்டர் ஓட வேண்டும். அவசரப்பட்டுச் செங்குத்தாக ஏற்றினால் இன்ஜின் சக்கரம் வழுக்கும். இதில் பேரம் பேச முடியாது.

மலை செய்வது பார்ப்பதற்கு வேடிக்கையாக இருக்கும். அட்டைக் கீற்றுகளைக் கூடை போலப் பின்னி, அதன்மேல் பிளாஸ்டர் தோய்த்த துணியைப் போர்த்துவார்கள். காய்ந்ததும் வண்ணம். பிறகு மண். கடையில் விற்கும் மண்ணைவிட, அந்த இடத்திலேயே அள்ளிவந்த மண்ணைச் சல்லடையில் சலித்துத் தூவுவது பலருக்குப் பிடிக்கும். நிறம் தானாகவே சரியாக அமைந்துவிடும் அல்லவா! தூவுவதற்கு முன் மண்ணில் ஒரு காந்தத்தை ஓட்டி இரும்புத் துகள்களை எடுத்துவிடுவார்கள். இல்லையென்றால் அவை இன்ஜின் மோட்டாரில் போய் ஒட்டிக்கொள்ளும். தண்ணீர் கலந்த வெள்ளைப் பசையில் பாத்திரம் கழுவும் திரவம் ஒரு சொட்டு விட்டு ஊற்றினால், பசை மண்ணுக்குள் சீராக இறங்கும்.

ஆனால் கவனிக்க வேண்டியவர்கள் மேசைக்குக் கீழே மல்லாந்து படுத்துக் கம்பி இழுப்பவர்கள். தண்டவாளத்தின் வழியாகவே மின்சாரம் வெகுதூரம் போனால் வலு குறையும். அதனால் அடியில் தடித்த கம்பி இரண்டை ஓடவிட்டு, சிறிய இடைவெளிகளில் மெல்லிய கம்பிகளால் மேலே தண்டவாளத்துடன் பற்றவைப்பார்கள். பெரிய அமைப்பில் இப்படி நூற்றுக்கணக்கான இணைப்புகள். ஒவ்வொன்றுக்கும் வண்ணம், ஒவ்வொன்றுக்கும் சீட்டு. “எனக்குத் தெரியும், நினைவில் இருக்கிறது” என்பதை நல்ல மன்றம் ஏற்றுக்கொள்வதில்லை. பதினைந்து ஆண்டு கழித்துப் பழுது பார்க்கப் போகிறவர் வேறொருவர். அவர் இன்னும் பள்ளியில் கூடச் சேர்ந்திருக்க மாட்டார். அவருக்காக எழுதி ஒட்டுகிறார்கள்.

மென்பொருள் துறையில் இருக்கும் இளையர்களுக்கு இது எங்கேயோ கேட்டது போல இருக்கிறதா? தொடர்பு உண்மையிலேயே இருக்கிறது. அமெரிக்காவின் எம்ஐடி பல்கலைக்கழகத்தில் 1946இல் ஒரு மாதிரி ரயில் மன்றம் தொடங்கியது. அதில் சமிக்ஞைகளையும் மின்சாரத்தையும் கவனித்த குழுவினர், தொலைபேசி நிலையங்களில் பயன்பட்ட ரிலேக்களை வைத்து ரயில்களைக் கட்டுப்படுத்தும் அமைப்பை உருவாக்கினார்கள். 1950களின் கடைசியில் அங்கே கணினி வந்தபோது, அதன்மேல் முதலில் பாய்ந்தவர்களில் இந்த ரயில் பிள்ளைகளும் உண்டு. ‘ஹேக்’ என்ற சொல்லை அவர்கள் தங்களுக்குள் புழங்கி, 1959இல் தொகுத்த மன்றத்து அகராதியிலும் சேர்த்தார்கள். 1962இல் வெளிவந்த ‘ஸ்பேஸ்வார்’ என்ற ஆரம்பகாலக் கணினி விளையாட்டை உருவாக்கியவர்களிலும் அந்த மன்றத்தார் இருந்தனர்.

*ஓட்டும் நாள்*

பாதை தயாரானதும் அதில் ரயிலைச் சும்மா சுற்றவிடுவது இவர்களுக்குப் போதாது. உண்மையான ரயில்வே போலவே நடத்துகிறார்கள்.

ஒருவர் கட்டுப்பாட்டு அதிகாரி. அவர் ரயில்கள் கண்ணில் படாத இடத்தில், காகிதமும் தொலைபேசியுமாக உட்கார்ந்திருப்பார். நிலையத்துக்கு ஒருவர். ஒவ்வொரு ரயிலுக்கும் ஓட்டுநர், நடத்துநர். சுவரில் ஒரு கடிகாரம் வேகமாக ஓடும். தூரத்தைச் சுருக்கியதால் நேரத்தையும் சுருக்கியிருக்கிறார்கள். கால அட்டவணை ஒன்று இருக்கும். அது மாறினால் எழுத்தில் உத்தரவு வரும். ஒற்றைப் பாதையில் எதிரே பயணி ரயில் வருகிறது என்றால், சரக்கு ரயில்காரர் ஒதுங்கு பாதையில் காத்திருக்க வேண்டும். அரை மணி நேரம் ஆனாலும் சரி.

மலையேறும் கனமான ரயிலுக்குப் பின்னாலிருந்து தள்ள இன்னோர் இன்ஜின் வேண்டும். அதை ஓட்டுபவர் வேறு ஆள். முன்னால் இருப்பவரும் பின்னால் இருப்பவரும் ஒரே வேகத்தில் கையை அசைக்காவிட்டால் நடுப்பெட்டிகள் தடம்புரளும். முதல் நாளே சந்தித்த இருவர், ஒரு மணி நேரம் ஒருவரையொருவர் பார்த்துப் பார்த்து மலையேற வேண்டியிருக்கும். அலுவலகத்தில் குழு ஒற்றுமைக்காக நடத்தும் பயிலரங்குகளைவிட இது மலிவு.

இங்கேயும் அதே சூட்சுமம்தான். பதவியில் பெரியவர், வயதில் பெரியவர், நன்கொடை அதிகம் தந்தவர் என்று யாரும் முந்திப் போக முடியாது. அட்டவணை யாரை முதலில் விடச் சொல்கிறதோ அவர் ரயில்தான் முதலில் போகும். பதினைந்து வயதுப் பையன் கட்டுப்பாட்டு அதிகாரியாக உட்கார்ந்தால், அறுபது வயதுக்காரர் அவன் உத்தரவுக்குக் காத்திருப்பார்.

*கட்டடம் போனால்?*

இவ்வளவும் சொல்லிவிட்டு இழப்பைச் சொல்லாமல் விடக்கூடாது. மன்றங்களின் மிகப்பெரிய கவலை இடம். வாடகைக் கட்டடம் கைமாறும், இடிபடும். எம்ஐடி மன்றத்துக்கும் அதுதான் நடந்தது. அவர்கள் இருந்த 20ஆம் எண் கட்டடம் 1998இல் இடிக்கப்பட்டது. ஐம்பது ஆண்டு உழைப்பில் பெரும்பகுதியை எடுத்துச்செல்ல முடியவில்லை. மன்றம் வேறு கட்டடத்துக்குப் போய்ப் புதிய அமைப்பைக் கட்டத் தொடங்கியது.

அரை நூற்றாண்டு வேலை வீணாகிவிட்டதா? மேசையும் மலையும் போயின. ஆனால் கம்பி பற்றவைக்கக் கற்றவர்களும், கற்றதை அடுத்தவருக்குச் சொல்லிக்கொடுத்த பழக்கமும் மன்றத்தோடு புதிய இடத்துக்குப் போய்ச் சேர்ந்தன. ஆள் போய் அமைப்பு மட்டும் மிஞ்சியிருந்தால், அதை ஓட்டத் தெரிந்தவர் இல்லாமல் தூசிதான் படிந்திருக்கும்.

இதனால் இப்போது பல மன்றங்கள் தொடக்கத்திலிருந்தே துண்டு துண்டாகக் கழற்றும்படி கட்டுகின்றன. நம்மைப் போல அடுக்குமாடி வீடுகளில் வசிப்பவர்களுக்கு ஏற்ற வழியும் இதிலிருந்தே கிடைக்கிறது.

*நம் வீட்டு மேசையில்*

‘டி-டிராக்’ என்று ஒரு முறை உண்டு. என் அளவு எனப்படும் சிறிய ரயில்களுக்கானது. உண்மையின் 160இல் ஒரு பங்கு. ஒரு துண்டின் அகலம் 31 சென்டிமீட்டர்தான். அலமாரித் தட்டில் வைத்துவிடலாம். விதி மிக எளிது: துண்டின் இரு ஓரங்களிலும் தண்டவாளம் குறித்த இடத்தில் வந்து முடிய வேண்டும். நடுவில் நீங்கள் ரப்பர் தோட்டம் வைக்கலாம், கோயில் வைக்கலாம், ஈரச்சந்தை வைக்கலாம். பத்துப் பேர் தனித்தனியாகச் செய்து ஒருநாள் சமூக மன்ற மேசையில் சேர்த்தால், ரயில் பத்தின் வழியாகவும் ஓடும். ஓரத்தில் ஒப்பந்தம், நடுவில் சுதந்திரம்.

எந்த இடத்தைக் கட்டலாம்? சிங்கப்பூரின் புக்கிட் தீமா ரயில் நிலையத்தை எண்ணிப் பாருங்கள். சிறிய செங்கல் கட்டடம், ஒற்றைப் பாதை, ரயில்கள் ஒன்றையொன்று கடக்க ஓர் ஒதுங்கு பாதை, பக்கத்தில் இரும்புப் பாலம். பாதையில் நுழைய அனுமதியாக ஓட்டுநரிடம் ஒரு வளையத்தைக் கைமாற்றும் பழைய வழக்கம் அங்கே 2011 வரை நீடித்தது. அந்த ஆண்டு ஜூன் 30ஆம் தேதி தஞ்சோங் பகார் நிலையத்திலிருந்து கடைசி ரயில் புறப்பட்டது. பிறகு தண்டவாளத்தின் பெரும்பகுதி அகற்றப்பட்டுவிட்டது. மலேசியாவில் என்றால், 1885இல் தைப்பிங்கிலிருந்து போர்ட் வெல்டுக்குப் போன முதல் ரயில் பாதை இருக்கிறது. செந்தூல் பணிமனை இருக்கிறது.

உடனே சிக்கலும் வரும். நம் ரயில் பாதையின் அகலம் ஒரு மீட்டர். 160ஆல் வகுத்தால் 6.25 மில்லிமீட்டர். கடையில் கிடைக்கும் என் அளவுத் தண்டவாளமோ 9 மில்லிமீட்டர். கண்ணை மூடிக்கொண்டு ஏற்பதா, சொந்தமாகத் தண்டவாளம் செய்வதா? அதைக் குழு கூடிப் பேசி, முதல் துண்டைச் செய்வதற்கு முன்பே எழுதி வைத்துவிட வேண்டும்.

இன்னொரு சிக்கலுக்குத் தீர்வு கடையில் இல்லை. நிலையத்துக் கதவின் நிறம் என்ன? தண்ணீர்த் தொட்டி எந்தப் பக்கம் இருந்தது? அஞ்சல் ரயில் வரும்போது நடைமேடையில் என்னவெல்லாம் குவிந்து கிடக்கும்? மலாயா ரயில்வேயில் தமிழர்கள் நிறையப் பேர் வேலை பார்த்தார்கள். பிரிக்ஃபீல்ட்ஸ், செந்தூல் ரயில்வே குடியிருப்புகளில் வளர்ந்தவர்கள் இன்னும் நம் குடும்பங்களில் இருக்கிறார்கள். தாத்தாவிடம் “உங்கள் காலத்துக் கதை சொல்லுங்கள்” என்று கேட்டால் இரண்டு வாக்கியத்தில் முடித்துவிடுவார். ஒரு காகிதத்தில் தண்டவாளத்தை வரைந்து, “சிக்னல் கம்பம் இங்கேயா, அங்கேயா தாத்தா?” என்று கேட்டுப் பாருங்கள். பென்சிலைப் பிடுங்கி அவரே வரைவார்.

அந்தப் பள்ளி விடுமுறை முடிவதற்குள் ஒரு துண்டு தயாராகிவிடும். ஓரங்களை மட்டும் அளந்து சரியாக வையுங்கள். பக்கத்துத் துண்டை யார் செய்யப் போகிறார் என்பது இப்போது தெரிய வேண்டியதில்லை.